சிவப்புவால் கெளுத்திக்கு ஆறடித் தொட்டி

பெரிய மீன் வளர்க்க விரும்பி என் கடைக்கு வருவோரிடம் நான் முதலில் கேட்பது, அவர்கள் வீட்டு வாசற்கதவின் அகலத்தை. மீனைப் பற்றிப் பேச வந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. ஆனால் கதவு மூன்றடி இருந்தால்தான் இரண்டரை அடி அகலமுள்ள கண்ணாடித் தொட்டி உள்ளே நுழையும். தொட்டி இரண்டரை அடி அகலம் இருந்தால்தான் ஓரளவு வளர்ந்த கெளுத்தி உடம்பை மடக்காமல் திரும்பும். திரும்ப இடமில்லாத தொட்டியில் ஒரு மீனை விடுவது கொடுமையாகும். இதை நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லும்படி கேட்டீர்கள், ஐயா. முதல் என்பது மீன் தேர்வுதான். ஆகையால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த பெரிய கெளுத்திகளில் வீட்டுத் தொட்டிக்கென மக்கள் கேட்பவை நான்கு. முதலாவது, கண்ணாடியை வாயால் பற்றிக்கொண்டு பாசி தின்னும் கவசக் கெளுத்தி. கடையில் சக்கர் என்போம். ஒன்றரை அடிக்கு மேல் அரிதாகவே வளரும். யாருக்கும் தொல்லை தராது. இரண்டாவது, விலாவின் இருபுறமும் முள்வரிசை கொண்ட கெளுத்தி. பார்ப்பதற்கு முரடு, நத்தை தின்று வாழும் சாது. மூன்றாவது, மண்வெட்டி போன்ற தட்டை மூக்கும் உடம்பெங்கும் கறுப்பு வரியும் உடையது. அது பயந்தாங்கொள்ளி. யாராவது தும்மினால்கூடக் கண்ணாடியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும்.

நான்காவது சிவப்புவால் கெளுத்தி. முதுகு கரும்பழுப்பு, வயிறு வெள்ளை, வால் நல்ல சிவப்பு, மீசை ஆறு. விற்கும்போது விரல் நீளம்தான் இருக்கும். குழந்தைகள் அதைப் பார்த்துவிட்டால் மற்ற மூன்றையும் பார்க்க மாட்டார்கள். ஒன்றரை ஆண்டில் இரண்டடியைத் தாண்டும். இடம் கிடைத்தால் நான்கடிவரை போகும். வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கும். கூடவே வளர்ந்த மீன், கூழாங்கல், பஞ்சு, வெப்பமானி எல்லாம் அதற்கு ஒன்றுதான். வளர்ப்பவரின் கையை அடையாளம் கண்டு, நெற்றியைத் தடவிக் கொடுத்தால் அசையாமல் நிற்கும். திடுக்கிட்டால் வாலை ஒருமுறை வீசும். அந்த வீச்சில் தொட்டிக்குள் இருக்கும் எந்தக் கண்ணாடிப் பொருளும் மிஞ்சாது.

இந்த மீனைக் கேட்டு வருபவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "தொட்டி எவ்வளவோ அவ்வளவுதானே சார் வளரும்?" என்பார்கள். அது பொய். தொட்டி சிறிதாக இருப்பதால் எந்த மீனும் அளவோடு நின்றுவிடுவதில்லை. முதுகெலும்பு வளையும், உள்ளுறுப்புகள் நெருக்குண்ணும், தலை மட்டும் பெரிதாகி உடல் சூம்பிப்போகும். பிறகு ஒருநாள் செத்து மிதக்கும். பார்ப்பவர்கள் அதற்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். இந்தப் பொய்யை என் கடையில் நான் ஒருமுறைகூட அனுமதித்ததில்லை. திருத்திச் சொல்லி, அதனால் வியாபாரத்தை இழந்த நாள்களும் உண்டு.

இனி என் தங்கையைப் பற்றி.

பெற்றோர் ஒரே விபத்தில் இறந்தபோது எனக்கு வயது பத்தொன்பது; அவளுக்கு ஒன்பது. நான் அவளைப் பாப்பா என்று அழைத்தேன். இப்போதும் அப்படித்தான் அழைக்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். முன்னறையில் குஞ்சு பொரிக்கும் தொட்டிகளும் என் படுக்கையும். உள்ளறையில் அவளும் அம்மாவின் தையல் இயந்திரமும். அவளுக்கு வாங்கிய கட்டில் ஐந்தடி நீளம். சுவருக்குச் சுவர் அவ்வளவுதான் இடம். அவள் என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டாள். எனினும் முழங்காலை மடக்கிக்கொண்டு தூங்கப் பழகிக்கொண்டாள். ஒருநாளும் குறை சொன்னதில்லை. தொட்டிகளில் இருக்கும் மீன்குஞ்சுகள் மிரளக் கூடாது என்பதற்காகத் தணிந்த குரலில் பேசவும் பழகியிருந்தாள். அடக்கமான பெண் என்று தெருவே சொல்லும்.

அவளுக்கு இருபத்தெட்டு வயதானபோது எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. குடிநீர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பரிசோதகர், கண்ணாடிக் குப்பிகள் அடங்கிய பெட்டியுடன் வந்தார். எங்கள் குழாயில் மூன்று முறை தண்ணீர் எடுத்துச் சென்றார். அந்தக் கதையை அவர் பின்னாளில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

"மூணாவது தடவை தண்ணி தெளிஞ்சிடுச்சு மச்சான். நான்தான் கலங்கிப் போயிட்டேன்" என்பார்.

அவர்தான் இறந்தவர். அவரை நான் மாப்பிள்ளை என்று அழைத்தேன். அவர்மீது எனக்குப் பகை எதுவும் இருந்ததில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். குடிப்பழக்கம் இல்லாதவர். என் தங்கையை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. திருமணத்திற்குப் பின் அவர்கள் மூன்று தெரு தள்ளிக் குடியேறினார்கள். பழைய வீடுதான், ஆனால் கூடம் பெரிது. அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தாள். குட்டி என்று கூப்பிடுகிறோம். நான் தினமும் மாலையில் கடையை மூடிவிட்டு அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்குத் திரும்புவேன். அந்த ஏற்பாட்டை நான் ஏற்றுக்கொண்டிருந்தேன்.

ஆனால் என் தங்கை மாறிக்கொண்டே வந்தாள். சத்தமாகச் சிரிக்கத் தொடங்கினாள். தெருவின் மறுமுனையில் நிற்பவரைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டாள். முப்பது வயதுக்கு மேல் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு முழங்காலில் காயத்துடன் வந்து நின்று, "அண்ணா, பாரேன், விழுந்து எந்திரிச்சேன்" என்று பெருமையடித்தாள். ஒரு விடுமுறை நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு நான் அங்கே போனபோது கதவு திறந்திருந்தது. கூடத்துத் தரையில் அவள் கையையும் காலையும் நான்கு திசைக்கும் விரித்துப்போட்டு, வாய் சற்றே திறந்தபடி, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் இவ்வளவு நீளமானவள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சொல்லத் தெரியாத ஓர் அச்சம் என்னைப் பிடித்துக்கொண்டது. அன்று நான் உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

குட்டிக்கு நான்கு வயது முடிந்தபோது மாப்பிள்ளை கடைக்கு வந்தார்.

"மச்சான், வீட்டுக்கு ஒரு தொட்டி வெக்கணுமாம். உங்க மருமக உத்தரவு. நீங்களே ஒரு மீனாப் பாத்துக் குடுங்க. ஆனா ஒண்ணு. அணைக்கட்டுப் பக்கம் புதுசா ஆய்வுக்கூடம் கட்டிட்டு இருக்காங்கல்ல, ரெண்டு வருஷத்துல முடிஞ்சிடும். முடிஞ்சதும் நாங்க அங்க போயிடுவோம். அதனால கையோட எடுத்துட்டுப் போற மாதிரி ஒண்ணாப் பாருங்க."

அந்த ஊர் இரண்டு நாள் பயணத் தொலைவில் இருக்கிறது. அவர்கள் போகப்போவதை நான் அன்றுதான் அறிந்தேன். ஏற்கெனவே என் தங்கை எனக்குச் சொல்லிவிட்டாள் என்று அவர் நினைத்திருந்தார். அவள் சொல்லியிருக்கவில்லை.

நேர்மையான விடை கவசக் கெளுத்தி. ஒரு பெரிய வாளியில் ஊர்விட்டு ஊர் கொண்டுபோகலாம். நான் அவரிடம் வாசற்கதவின் அகலத்தைக் கேட்டேன். மூன்றடி என்றார். நான் அவருக்குச் சிவப்புவால் கெளுத்தியைப் பரிந்துரைத்தேன்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அனைவருக்கும் தெரிந்த ஓர் உண்மை இருக்கிறது. பெரிய மீன் வைத்திருப்பவர்கள் வீடு மாறுவதில்லை. ஆறடித் தொட்டியை மீனோடு தூக்க முடியாது. இரண்டடியைத் தாண்டிய மீனை வேறு யாரும் வாங்க மாட்டார்கள். பெயர் வைத்த மீனைக் கொல்ல மனம் வராது. அதற்காகவே வேலை மாற்றத்தை மறுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அப்போது என் எண்ணத்தில் இருந்தது ஒரு நங்கூரம் மட்டுமே. அந்த நாளில் என்னிடம் வேறு நோக்கம் இருந்ததாகச் சொன்னால் அது பொய்யாகும். ஆறடித் தொட்டி அந்த மீனுக்குப் போதாது என்பதை மட்டும் அறிந்திருந்தேன். அதை நான் சொல்லவில்லை.

தொட்டியை நானே கூடத்துச் சுவரோரமாக நிறுத்தினேன். மின்இணைப்பையும் நானே இழுத்தேன். அந்த வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் தானாக அணையும் விசை கிடையாது என்பதை அப்போது கவனித்துக்கொண்டேன். அந்த மீனுக்குக் குளிர் ஆகாது. குளிர் மாதங்களில் தண்ணீரைச் சூடாக்க ஒரு கண்ணாடிக் குழல் ஹீட்டரை உள்ளே பொருத்தி, மீனின் வால் அதில் படாமலிருக்க ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் கூடு ஒன்றை அதன்மேல் மாட்டினேன். முறைப்படி செய்யப்பட்ட வேலை அது.

குட்டி மீனுக்கு மீசைத் தாத்தா என்று பெயர் வைத்தாள். மாப்பிள்ளைக்கு அதன்மேல் என்னைக் காட்டிலும் பிரியம் ஏற்பட்டுவிட்டது.

"மச்சான், எங்க மேலதிகாரியப் போட்டா முழுங்குமா?" என்று ஒருநாள் கேட்டார்.

"வாய் கொண்டா முழுங்கும் மாப்பிள்ளை" என்றேன்.

"அப்ப இன்னும் கொஞ்சம் வளரட்டும். அவரு சுத்தளவு ஜாஸ்தி."

"நீங்க வேற. அவரு உள்ள போனா மீனுக்கில்ல வயித்து வலி வரும்" என்று சமையலறையிலிருந்து என் தங்கை சொன்னாள். மூவரும் சிரித்தார்கள். குட்டி எதற்கென்று தெரியாமலேயே அதிக நேரம் சிரித்தாள். ஒருமுறை அந்த மீன் குட்டியின் ரப்பர் வாத்தை விழுங்கி, இரண்டு நாள் கழித்துத் திருப்பித் துப்பியது. அந்த வாத்தை அவர்கள் ஒரு பரிசுப்பொருள்போல அலமாரியில் வைத்தார்கள்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வேலைக்குப் புறப்படுமுன், வெறுங்காலுடன் தொட்டிக்கருகில் நின்று, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஒரு சிறு கண்ணாடிக் குப்பியைத் தண்ணீருக்குள் கைவிட்டு நிரப்புவார். அதில் சொட்டு மருந்து விட்டு நிறத்தைப் பார்ப்பார். மேல்மட்டத் தண்ணீர் பொய் சொல்லும், நடுவிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பார். "தண்ணியப் பத்தி எனக்குத் தெரியாததில்ல மச்சான்" என்பார். அது உண்மை. தண்ணீரைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். தண்ணீரை மட்டுமே தெரியும்.

எங்கள் தொழிலில் வேறொரு வழக்கம் உண்டு. தொட்டிக்குள் கைவிடுமுன் எல்லா ப்ளக்கையும் பிடுங்கி, வயரை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வோம். ப்ளக் நம் தோளில் தொங்கினால், நாம் கையை வெளியே எடுக்கும்வரை யாரும் தெரியாமல்கூட அதை மாட்டிவிட முடியாது. தொட்டி வாங்கும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்லித்தரும் முதல் பாடம் இது. மாப்பிள்ளைக்கு நான் இதைச் சொல்லித்தரவில்லை. முதல் நாள் மறந்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். பிறகு பல நாள்கள் அவர் கைவிடுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறேன். அந்த நாள்களை மறதி என்று சொல்ல மாட்டேன்.

மீன் ஒன்றரை ஆண்டில் இரண்டேகால் அடி ஆயிற்று. திரும்பும்போது உடம்பை வில்லாக வளைக்க வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்தின் கட்டட வேலையும் எதிர்பார்த்ததற்கு முன்னரே முடிந்துவிட்டது. நான் காத்திருந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது மாப்பிள்ளை மகிழ்ச்சியாகச் சொன்னார்.

"மச்சான், மீசைத் தாத்தாவுக்கும் வழி பண்ணியாச்சு. மிருகக்காட்சிசாலையில பெரிய குளம் இருக்குல்ல, அங்க எடுத்துக்கறாங்களாம். மாசக் கடைசியில வண்டி வருது. பாவம், திரும்பக்கூட முடியல அதால. தெனம் பாக்கறேன்ல, மனசு கேக்கல."

"குட்டி அழ மாட்டாளா?" என்று கேட்டேன்.

"போய்ப் பாக்கலாம்னு சொல்லியாச்சு. அதுக்கும் ஊர் சுத்தின மாதிரி ஆச்சு."

பிறகு என் தங்கை சொன்னாள், "அண்ணா, நீயும் வந்துடு. அங்க குடுக்கற வீட்ல மூணு ரூமு. ஒண்ணு உனக்குன்னே இவரு சொல்லி வெச்சிருக்காரு."

"ஆமா மச்சான். அங்க மீன் கடையே கெடையாதாம். நீங்க வந்தா ராஜா."

நான் யோசித்துச் சொல்வதாகக் கூறினேன். யோசிக்க எதுவும் இருக்கவில்லை. என் வீட்டில் அவள் இருப்பதும், அவள் வீட்டில் நான் இருப்பதும் ஒன்றல்ல.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் தொட்டியைச் சுத்தம் செய்யச் சென்றேன். நல்ல குளிர் மாதம். ஹீட்டர் இரவு பகலாக எரிந்துகொண்டிருந்தது. ப்ளக்கைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அப்போது கூடத்தில் யாரும் இல்லை. கூட்டைக் கழற்றினேன். அதில் பாசி படிந்திருந்தது உண்மை. கழுவிக்கொண்டு வருவதாக எண்ணி ஒரு துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். ஹீட்டரைக் கூடில்லாமல் அதே இடத்தில் விட்டு, ப்ளக்கை மாட்டினேன். உங்கள் மேசையின்மீது இப்போது இருக்கும் பொருள் அந்தக் கூடுதான். அதை அன்றே கழுவிவிட்டேன். திருப்பிக் கொண்டுபோகவில்லை. நான் அந்தத் தொட்டியில் எதையும் சேர்க்கவில்லை, ஐயா. ஒன்றை எடுத்தேன், அவ்வளவே.

குழந்தையைப் பற்றி யோசித்தாயா என்று நீங்கள் இருமுறை கேட்டீர்கள். யோசித்தேன். குட்டிக்கு முக்காலி இல்லாமல் தண்ணீர் எட்டாது. ஆகையால் புறப்படுமுன் முக்காலியை எடுத்துப் பீரோவின்மேல் வைத்தேன். "மாமா, அது என்னோடது" என்றாள். "மேல ஏறி விழுந்துடுவ, கண்ணு" என்றேன். என்னை ஈவிரக்கம் இல்லாதவன் என்று எழுதப்போகிறவர்கள் இந்த முக்காலியையும் சேர்த்து எழுத வேண்டும். என் தங்கைக்கோ மீன் வாடையே ஆகாது. அவள் தண்ணீரில் கை வைப்பவள் அல்லள்.

பன்னிரண்டு நாள்கள் ஒன்றும் நடக்கவில்லை. அந்த நாள்களில் நான் மாலைதோறும் அங்கேதான் சாப்பிட்டேன். பெட்டிகள் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. சுவரில் புது ஊரின் வரைபடம் ஒன்றை என் தங்கை ஒட்டியிருந்தாள். நான் தொட்டியைப் பார்க்கும்படி அமர்வதில்லை. மீன் என்ன முடிவு செய்கிறதோ அதன்படி ஆகட்டும் என்று இருந்தேன். சரியான மனநிலை அதுவே என்று அப்போது தோன்றியது.

பதின்மூன்றாம் நாள் காலை ஏழு மணி பத்து நிமிடத்திற்குத் தொலைபேசி ஒலித்தது. நான் கடையில் குஞ்சுகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, அவரு தொட்டிக்கிட்ட விழுந்து கெடக்குறாரு. கூப்பிட்டா பேசல."

"மெயின் சுவிட்ச அணை, பாப்பா. அவரத் தொடாத. அணைச்சிட்டு அப்புறம் தொடு" என்றேன்.

நான் சொன்ன முதல் சொல் அது. அதனால்தான் என் தங்கை இன்று உயிரோடிருக்கிறாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் தரையில் மல்லாந்து கிடந்தார். வலது சட்டைக் கை முழங்கைக்கு மேல் நேர்த்தியாகச் சுருட்டப்பட்டிருந்தது. குப்பி உடையாமல் சற்றுத் தள்ளி உருண்டு கிடந்தது. ஹீட்டரின் கண்ணாடி மூன்று துண்டுகளாகத் தொட்டியின் அடியில் இருந்தது. மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்சாரம் தரைக்குப் போகத்தான் வழி தேடும். மீன் தரையில் நிற்பதில்லை. அது மூலையில் உடம்பை வளைத்து நின்று என்னைப் பார்த்தது. குட்டி தினமும் காலையில் அதற்கு வணக்கம் சொல்வாள். அன்று அவள் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ரப்பர் வாத்தைக் கையில் வைத்திருந்தாள்.

விபத்து என்றே எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நானும் கையெழுத்திட்டேன்.

அவர்கள் இருவரும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். உள்ளறையை ஒழித்து வைத்தேன். "இப்ப வேணாம் அண்ணா" என்றாள். வாரங்கள் கடந்தன. மிருகக்காட்சிசாலையின் வண்டி வருவதை அவள் தள்ளிப்போடச் சொல்லியிருந்ததால் மீன் அங்கேயே இருந்தது. நான் புது ஹீட்டரும் புதுக் கூடும் மாட்டி, ஞாயிறுதோறும் தண்ணீர் மாற்றினேன். அந்த நேரங்களில் அவள் உள்ளே படுத்திருப்பாள்.

ஏழாவது ஞாயிற்றுக்கிழமை அவள் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் ப்ளக்கைப் பிடுங்கி வயரைத் தோளில் போட்டுக்கொண்டு கையை உள்ளே விட்டேன். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். கை தானாகச் செய்வது. அவள் என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எதுக்கு அண்ணா, தோள்ல?"

"பழக்கம்."

"எதுக்குன்னு கேட்டேன்."

"தண்ணில கைய விடும்போது கரண்ட் இருக்கக் கூடாதில்ல. அதான்."

"கடைக்கு வர்றவங்களுக்கு இதச் சொல்லுவியா?"

"எல்லாருக்கும் சொல்லுவேன். மொதல்ல அதத்தான் சொல்லுவேன்."

மோட்டார் அணைந்திருந்ததால் வீடு அமைதியாக இருந்தது.

"அவருக்குச் சொன்னியா?"

நான் கூட்டின் ஓட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். என்னால் பொய் சொல்லியிருக்க முடியும். சொன்னேன், அவர்தான் கேட்கவில்லை என்று சொன்னால் போதும். மறுத்துப் பேச அவர் இல்லை. நான் அப்படிச் சொல்லவில்லை. என் நேர்மைக்கு இதுவும் ஒரு சான்று.

"இந்தக் கூடு முன்னாடியும் இருந்துச்சுல்ல?" என்றாள். "இதே மாதிரி ஓட்டை ஓட்டையா. நான் பாத்திருக்கேன். அன்னிக்கு அது அங்க இல்லையே."

"பழசாயிடுச்சு பாப்பா."

"மாமாதான் என் முக்காலிய மேல வெச்சாங்க" என்று அருகில் நின்ற குட்டி, யாரும் கேட்காமலேயே சொன்னாள். அவள் பீரோவின்மேல் இருந்த முக்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா எடுத்துக் குடுக்கறேன்னு சொன்னாங்க. மறந்துட்டாங்க."

என் தங்கை எழுந்து தொட்டிக்கருகில் வந்தாள். மிகத் தணிந்த குரலில், என் வீட்டில் இருந்த நாள்களில் பேசிய அதே குரலில், பேசினாள்.

"அவரு போறதுக்கு நாலு நாள் முன்னாடி குட்டியோட வளையல் உள்ள விழுந்துடுச்சு. மீனு முழுங்கிடப் போகுதுன்னு நான்தான் கைய விட்டு எடுத்தேன் அண்ணா. தோள் வரைக்கும் விட்டேன்."

நான்கு நாள் முன்பு என்றால் அது ஒன்பதாம் நாள். அன்று ஹீட்டர் உடையாமல் முழுதாக இருந்தது. ஆகையால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். எனினும், அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. கண்ணை மூடினால் தோள்வரை நனைந்த ஒரு கை தெரிகிறது. அதில் சட்டைக் கை இல்லை, வளையல்கள் இருக்கின்றன.

மறுநாள் நான் கடையில் இருந்த நேரத்தில் அவள் என் வீட்டுக்குப் போயிருக்கிறாள். பழைய சாவி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்டதில்லை. முன்னறை அலமாரியில், சுத்தமாகக் கழுவி, துடைத்து, வரிசையாக அடுக்கிய பொருள்களுக்கிடையில் அந்தக் கூடு இருந்தது. அதை நான் எறிந்திருக்கலாம். நல்ல நிலையில் இருக்கும் ஒரு பொருளை எறிவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. அவள் அதை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்தாள். நீங்கள் வந்தபோது நான் கடையைப் பெருக்கி, எல்லா ப்ளக்கையும் சரிபார்த்துவிட்டுக் காத்திருந்தேன்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். மாப்பிள்ளையைக் கொன்றது நான். மீனைத் தேர்ந்தெடுத்ததும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதும், கூட்டைக் கழற்றியதும் நானே. இதில் மீனுக்குப் பங்கில்லை. அதைக் குளத்தில் விட்டுவிட்டதாக அறிந்தேன். மகிழ்ச்சி. முதல் சில நாள்கள் அது சுவரோரமாக வளைந்தே நீந்தும். பிறகு நிமிர்ந்துவிடும் என்று அங்குள்ளவர்களிடம் சொல்லுங்கள்.

புது ஆய்வுக்கூடத்தில் என் தங்கைக்கு ஏதோ வேலை கொடுத்திருப்பதாகவும், அவள் குட்டியுடன் அங்கே புறப்பட்டுவிட்டதாகவும் சொன்னீர்கள். மூன்று அறைகள் உள்ள வீடாம். போகட்டும். அவளை நன்கறிந்தவன் நான் ஒருவனே. அவ்வளவு பெரிய இடத்தில் அவளால் நெடுநாள் தனியாக இருக்க முடியாது, திரும்பி வந்துவிடுவாள். எனக்கு ஓர் உதவி செய்யுங்கள், ஐயா. என் வீட்டு உள்ளறையின் ஜன்னலை வாரம் ஒருமுறை திறந்து வைக்கும்படி பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள். குட்டிக்குத் தையல் இயந்திரத்தை நகர்த்தி ஒரு பாய் போட்டுக்கொள்ளலாம். பாப்பாவுக்கு அந்தக் கட்டிலே போதும். ஐந்தடிதான், ஆனால் காலை மடக்கிக்கொள்ள அவளுக்குத் தெரியும்.